சக்கரப் பனிவீட்டுக்கான எஃகுச் சட்டகம்: இரண்டு குளிர்காலம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகள் கெட்டியாக உறைந்த பிறகு, பனிக்கட்டியில் துளையிட்டு வாலை (walleye) என்ற நன்னீர் மீனுக்காகத் தூண்டில் போடுபவர்களில் பலர் சக்கரம் வைத்த சிறு வீடுகளைப் பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரிக்குள் போவார்கள். முழுதாகக் கட்டி விற்கப்படும் அத்தகைய வீட்டின் விலை எளிதாக 20,000 டாலரைத் தாண்டிவிடும். ஆகவே நான் எஃகுச் சட்டகத்தை மட்டும் ஒரு பட்டறையில் வாங்கி, மேலே உள்ள வீட்டை ஒரு கோடை முழுவதும் செலவிட்டு நானே கட்டினேன். மில் லாக்ஸ் ஏரியில் இரண்டு குளிர்காலம் அதைப் பயன்படுத்தியாகிவிட்டது. இந்த மதிப்பீடு அந்தச் சட்டகத்தைப் பற்றியது.

சட்டகம் 8 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்டது. முன்பக்கம் கூம்பாக நீண்டு வண்டியின் கொக்கியில் சேர்கிறது. 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் அளவுள்ள செவ்வகக் குழாய்களால் ஆனது; குழாயின் சுவர் ⅛ அங்குலக் கனம். வாங்குபவர்கள் முதலில் கேட்பது இந்தக் கனத்தைப் பற்றித்தான். ஆனால் குழாய் எவ்வளவு தடித்திருந்தாலும் சட்டகம் கோணலாக இருந்தால், அந்தக் கோணல் தரைப் பலகையில் தொடங்கிச் சுவர், கூரை, கதவு என்று ஒவ்வொன்றிலும் ஏறிக்கொண்டே போகும். சட்டகம் வந்து இறங்கியதும் கூம்பை விட்டுவிட்டு, செவ்வகப் பகுதியின் எதிரெதிர் மூலைகளுக்கு அளவு நாடாவைப் பிடித்தேன். ஒரு மூலைவிட்டம் 17 அடி 10⅝ அங்குலம். மற்றது அதைவிடக் கால் அங்குலம்கூடக் கூடுதலாக இல்லை. பற்றவைக்கும்போது ஏறும் சூட்டில் எஃகு எப்படி இழுத்துக்கொள்ளும் என்பதை அறிந்தவர்களுக்கு, இது பட்டறைக்காரர் பொறுமையோடு செய்த வேலை என்பது புரியும். நான் கதவு மாட்டிய அன்று ஒரு சீவல்கூடச் சீவ வேண்டியிருக்கவில்லை.

சட்டகத்தின் உயிர் அதன் இறக்கி ஏற்றும் அமைப்பில் இருக்கிறது. சாலையில் போகும்போது வீடு சக்கரத்தின் மேல் உயர்ந்து நிற்க வேண்டும். ஏரியில் சக்கரங்கள் மேலேறி, சட்டகம் பனிக்கட்டியோடு ஒட்டிப் படிய வேண்டும், இல்லையென்றால் தரையில் விட்டிருக்கும் மீன்பிடித் துளைகள் வழியாகக் குளிர்காற்று வீட்டுக்குள் வந்துகொண்டேயிருக்கும். இதற்காக ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுழல் கரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. கையால் சுற்றும் வின்ச் ஒன்று கம்பிவடத்தின் மூலம் அந்தக் கரத்தை இழுக்கிறது. உயர்த்திய பின் ஒவ்வொரு கரத்திலும் ஓர் எஃகுப் பூட்டுப் பின்னைச் செருகிவிட வேண்டும். சாலையில் எடையைத் தாங்க வேண்டியது அந்தப் பின்தான், வடம் அல்ல. வடத்தை நம்பிப் பின் போடாமல் ஓட்டினால், ஒரு பள்ளத்தில் வடம் அறுந்து வீடு சாலையிலேயே உட்கார்ந்துவிடக்கூடும். பனியும் குளிரும் ஏறிய இந்த இரண்டு ஆண்டுகள் கழிந்தும் பூட்டுப் பின்னுக்கான துளைகள் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்கின்றன. ஒரு முறைகூடச் சுத்தியலால் தட்டிச் செருக வேண்டியிருக்கவில்லை. சுழல் கரத்தில் கிரீஸ் அடிப்பதற்கான முனையைத் தரையில் படுக்காமலேயே எட்டும் இடத்தில் வைத்திருப்பதை நான் தனியாகவே பாராட்ட விரும்புகிறேன். பழைய கிரீஸ் ஓரத்தில் கறுப்பாகப் பிதுங்கி, அதன் பின்னால் புதியது வெளிறிய நிறத்தில் எட்டிப் பார்க்கும் வரை அடிப்பேன். அந்த ஒரு நிமிட வேலையால் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாரன்ஹீட்டிலும் கைப்பிடி தடையின்றிச் சுழல்கிறது.

இனி குறை. முதல் குளிர்காலம் முடிந்து பனி உருகும் காலத்தில் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டுக் குழாய் ஒன்று கீழ்ப்பக்கம் லேசாகப் புடைத்திருந்ததைக் கண்டேன். தரைப் பலகைக்காக நான் போட்ட போல்ட் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கி, உறைந்து விரிந்திருக்கிறது. குழாய்களின் அடியில் வடிகால் துளை ஒன்றுகூட இல்லை. துளை போடும்போது நானும் இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பனிக்கட்டியின் மேல் நிற்பதற்கென்றே செய்யப்படும் பொருளில் இது பட்டறையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை. கேட்டபோது, நீங்களே துளைத்துக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. துளைத்துக்கொண்டேன். ஆனால் அப்படித் துளைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. சாலையில் உப்புத் தூவும் ஊரில் துரு முதலில் பிடிக்கும் இடமும் அதுதான். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் துத்தநாகம் கலந்த பெயிண்டைத் தொட்டு வைக்க வேண்டியிருந்தது.

குறுக்குக் குழாய்கள் 2 அடிக்கு ஒன்றாக வருகின்றன. எனவே மீன்பிடித் துளைகள் எங்கே வரும் என்பதைப் பலகை அடிப்பதற்கு முன்பே சட்டகத்தின் மேல் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள். எடையையும் அப்போதே கணக்கிடுவது நல்லது: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கினால்தான் வீடு சாலையில் வாலாட்டாது. அடுப்பையும் புரோப்பேன் சிலிண்டர்களையும் நான் முன்பக்கம் வைத்ததற்கு இதுவே காரணம். எஃகு வெளிக்குளிரைத் தரைக்குள் கொண்டுவந்து ஈரம் கோக்கச் செய்யும் என்பதால், அடியில் நுரைக்காப்பு அடித்தே ஆக வேண்டும்.

சட்டகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதைத் தாங்குவது பனிக்கட்டிதான். கனரக டிரக்கோடு சக்கர வீட்டையும் ஏற்றுவதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 20 அங்குலம் வேண்டும் என்பது மாநில இயற்கை வளத் துறையின் வழிகாட்டல். வெண்பனிக்கட்டியானால் அந்தக் கனம் இரட்டிப்பாக வேண்டும். மாநிலத்தின் தெற்குப் பகுதி ஏரிகளில் மார்ச் முதல் திங்கட்கிழமைக்குள்ளும் வடக்கில் மூன்றாம் திங்கட்கிழமைக்குள்ளும் வீட்டை அகற்றிவிட வேண்டும். சட்டகம் பனிக்கட்டியோடு உறைந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் கெடு நெருக்கடியாகிவிடும். அதைத் தவிர்க்க, வீட்டை இறக்கும் முன் நான்கு மூலைகளிலும் மரக்கட்டைகளை வைத்து, அதனால் ஓரங்களில் விழும் இடைவெளியைப் பனித்தூளை வாரி அடைத்துவிடுகிறேன்.

அளவின் துல்லியத்துக்காகவும் இறக்கி ஏற்றும் அமைப்புக்காகவும் இதே பட்டறையில் இன்னொரு சட்டகம் வாங்க நான் தயங்க மாட்டேன். ஆனால் குழாய்களுக்கு அடியில் வடிகால் துளைகளைப் போட்ட பிறகே துத்தநாகத்தில் முக்க வேண்டும் என்று ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.