தபாலா, அமீனாவா, வாட்ஸ்அப்பா: நோட்டீஸ் எப்போது சேர்ந்ததாகக் கணக்கு?

"வக்கீல் நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்காதே, கேஸே நிற்காது" என்று டீக்கடையில் சட்டம் பேசுபவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். செக் பவுன்ஸ் விவகாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்டு நடந்தால் கம்பி எண்ணும் அளவுக்குப் போகலாம்.

முதலில் தபால். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. எந்த வழியில் என்று சொல்லவில்லை. 1999-ல் ஃபேக்ஸில் போன நோட்டீஸையே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வக்கீல்கள் பதிவுத் தபாலை விடாததற்குக் காரணம், 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம். சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டால், வழக்கமாகப் போய்ச் சேரும் நாளில் அது சேர்ந்ததாகவே கணக்கு. சேரவில்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு. கவர் 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தாலும் இதே கதைதான். 2007-ல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: நோட்டீஸ் வரவே இல்லை என்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிடலாம், கட்டாமல் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. ஆக, கையெழுத்தைவிட முகவரிதான் பெரிது. பழைய வாடகை வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டு ரசீதைக் காட்டினால் எடுபடாது.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால், விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. சட்டத்தில் பழைய பெயர் அப்படியே நிற்கிறது. அதனால் கவுன்டரில் பதிவு வசதியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சரி, வழக்குப் போட்ட பிறகு வரும் சம்மனுக்கு? சிவில் வழக்கில், பேட்டா (சம்மன் கொண்டுபோகக் கட்டும் கட்டணம்) கட்டினால் கோர்ட் ஊழியரான அமீனா நேரில் கொண்டுபோவார். ஆள் இல்லாவிட்டால் வீட்டில் உள்ள வயது வந்த உறுப்பினரிடம் கொடுக்கலாம், வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. குற்ற வழக்கில் வயது வந்த 'ஆண்' மட்டும்தான் வாங்கலாம் என்றிருந்தது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அந்த 'ஆண்' என்ற சொல்லை எடுத்தது. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் படிக்கத் தெரியும் என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம்! யாருமே சிக்காவிட்டால் வெளிக்கதவில் ஒட்டுவது. வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பது அமீனாவின் அறிக்கையில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். என்னைக் கேட்டால் அமீனாவை மட்டும் நம்பாமல் தபாலையும் சேர்த்துக் கேட்பதே நல்லது. சிவில் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஒப்புகை அட்டை தொலைந்தாலும், சம்மன் அனுப்பி 30 நாள் ஆகியும் வராவிட்டாலும், சார்வானதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ந்ததாகவே, கோர்ட் எடுத்துக்கொள்ளும். தனியார் கூரியர் என்றால் கோர்ட் அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்புக்கு இப்போது மவுசு அதிகம். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுப்பிய பிடிஎஃப் திறக்கப்பட்டதை நீல டிக் காட்டுகிறது என்று ஏற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. ஆனால் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றது. வராவிட்டால் கைது வரை போகும் நோட்டீஸ் அது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவரிடம் என்ன செய்வீர்கள்? தபாலுக்குத் துணையாக வாட்ஸ்அப்பில் ஒரு நகல் போகட்டும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

கடைசியில் பத்திரிகை விளம்பரம். ஆள் தலைமறைவு என்று கோர்ட்டை நம்ப வைத்து, அவர் கடைசியாக வசித்த பகுதியில் விற்கும் நாளிதழில் போடுவது. காகிதத்தில் இதற்கும் நேரில் கொடுத்ததற்கும் சம மதிப்பு. ஆனால் காலவரம்புச் சட்டத்தின் 123-வது உறுப்பைப் பாருங்கள்: எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை (எதிராளி வராமலே வந்த தீர்ப்பை) ரத்து செய்யக் கேட்கும் 30 நாள் கெடுவுக்கு, விளம்பரத்தை முறையான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. தீர்ப்பு வந்தது தெரிந்த நாளிலிருந்துதான் அவருக்கு அந்த 30 நாள் ஓடும். மூன்று வருஷம் கழித்து வந்து, "நேற்றுத்தான் தெரியும்" என்று அவர் மனுப் போட்டால், கெடு தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்லி அவரை வாசலிலேயே நிறுத்த முடியாது.