தெர்மல் படம் தைக்க வெப்ஓடிஎம்

தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில் சோலார் பேனல்களை ட்ரோனில் தெர்மல் படம் எடுத்துக் கொடுக்கிறேன். படங்களை ஒரே வரைபடமாக ஒட்ட வெப்ஓடிஎம் போதும். திறமூல மென்பொருள், நம் கணினியிலேயே ஓடும்.

கேமரா 640×512 பிக்சல்தான். அதனால் படங்கள் 80 சதவீதத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் வரைபடத்தில் ஓட்டை விழும். குளத்து நீரில் அடையாளம் எதுவும் இல்லாததால் எந்த மென்பொருளாலும் அதை ஒழுங்காக ஒட்ட முடியாது. வரப்பும் மோட்டார் கொட்டகையும் படத்தில் இருந்தால் தப்பித்தோம்.

டிஜேஐ ட்ரோன் கேமராவின் ஆர்-ஜேபெக் கோப்புகளை (வெப்பநிலைத் தரவும் சேர்ந்த படங்கள்) முதலில் வெப்பநிலை டிஃப் (TIFF) படங்களாக மாற்றிவிட்டு, படத்தின் விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளால் ஜிபிஎஸ் விவரத்தை ஏற்றுகிறேன். சலிப்பான வேலைதான். ஆனால் அப்புறம் வரும் வரைபடத்தில் நிறம் மட்டுமில்லை, பேனலில் உள்ள ஒவ்வொரு செல்லின் சூடும் எண்ணாகவே கிடைக்கிறது. கொக்கு எச்சம் விழுந்த செல்லும் பழுதான செல் போலவே கொதிக்கும். கழுவிவிட்டு மறுபடி எடுத்தால்தான் எது எதுவென்று தெரியும்.

ரேம் தாராளமாக வேண்டும். 16 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் பெரிய பண்ணையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.