‘கெவ்லர் டயர்’ என்றால் எங்கே கெவ்லர் என்று கேளுங்கள்: சாலை சைக்கிளோட்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை

28 மிமீ டயர் ஒரு ஜோடி, 138 சிங்கப்பூர் வெள்ளி. விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: கெவ்லர் (அராமிட் வகையைச் சேர்ந்த வலுவான செயற்கை நூல்) பாதுகாப்பு, 120 டிபிஐ (நூல் நெருக்கம்), 8,000 கிலோமீட்டர் உழைக்கும், பஞ்சர் எதிர்ப்பு 5க்கு 5. பின்சக்கரத்தில் மாட்டி 900 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, நான்கு பஞ்சர். மூன்று முறை குத்தியது லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பி. நான்காவது, மழை விட்ட கையோடு தானா மேரா கோஸ்ட் ரோட்டில் ஏறிய கண்ணாடிச் சில்லு. கடைக்கு எழுதியதற்கு வந்த பதில்: "டயரில் கெவ்லர் இருக்கிறது. வெட்டும் குத்தலும் உத்தரவாதத்தில் சேராது."

கெவ்லர் இருப்பது உண்மைதான். எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் ஏமாற்று.

ரிம்மைக் கவ்வி உட்காரும் டயர் விளிம்பை பீட் என்கிறோம். மலிவு டயரில் அதற்குள் எஃகுக் கம்பி ஓடும். மடித்துப் பெட்டியில் வைக்கும் டயரில் கம்பிக்குப் பதில் கெவ்லர் போன்ற அராமிட் நூல்கட்டு ஓடும். எடை குறையும், மடிக்கலாம், அவ்வளவுதான். பஞ்சருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பஞ்சரைத் தடுப்பது, தரையில் படும் ரப்பருக்கு அடியில் தனியாக வைக்கும் பட்டை. அதை பெல்ட் என்பார்கள், பிரேக்கர் என்பார்கள். கான்டினென்டல் ஜிபி 5000 டயரில் வெக்ட்ரான் நூலால் ஆன பிரேக்கர் இருப்பது அந்த இடத்தில்தான். வாங்கும் முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அராமிட் பீட்டிலா, ரப்பருக்கு அடியிலா? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் பட்டை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கைவசம் வந்துவிட்ட டயரைச் சோதிக்க வழி உண்டு. உதவாது என்று முடிவான டயரில் ஐந்து சென்டிமீட்டர் துண்டைக் கத்தரியுங்கள். வெட்டு முனையை வெளிச்சத்தில் பிடித்தால் மேலே ரப்பர், கீழே நூல் பின்னிய கேசிங், பெல்ட் இருந்தால் இரண்டுக்கும் நடுவே தனி அடுக்கு தெரியும். அதிலிருந்து ஒரு நூலை உருவி, காற்றோட்டமான இடத்தில் லைட்டர் சுடரைக் காட்டுங்கள். நைலான் சுருங்கி உருகிக் கெட்டி மணியாகத் திரளும். அராமிட் உருகாது, நுனி கருகி நிற்கும். நாங்கள் வெட்டிய டயரில் ரப்பருக்குக் கீழே நேராக கேசிங்தான் வந்தது, நடுவில் எதுவுமே இல்லை. மஞ்சள் அராமிட் நூல் இருந்தது பீட்டில் மட்டும். இந்த டயரை நம்பி விடியற்காலை இருட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் எங்கள் கோபம்.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு. எண் கூடினால் நூல் மெலிசு, டயர் வளைந்து கொடுக்கும், ஓட்டம் இதமாக இருக்கும். உறுதி கூடும் என்று அர்த்தமில்லை. சில நிறுவனங்கள் அடுக்குகளைக் கூட்டியும் அச்சிடுகின்றன: ஜிபி 5000 பெட்டியில் காணும் 330 என்பது 110 நூல் கொண்ட மூன்று அடுக்கு. அதே கான்டினென்டலின் கேட்டர்ஸ்கின் டயர் 180தான், ஆனால் கரடுமுரடான சாலைக்கு அதுதான் அதிகம் தாங்கும்.

‘5க்கு 5’ போன்ற மதிப்பெண்ணுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஷ்வால்பே டயர் நிறுவனத்தின் 7 படி அளவும் அவர்களுடைய சொந்த அளவுதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

கிலோமீட்டர் உறுதிமொழி வந்தால் முன்சக்கரமா பின்சக்கரமா என்று கேளுங்கள். பாரமும் மிதிக்கும் விசையும் பின்னால் விழுவதால் பின் டயர் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தேயும். தேய்ந்ததும் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள்.

எடை பொய் சொல்லாது. ஜிபி 5000 28 மிமீ சுமார் 240 கிராம். 5 மிமீ தடிப்பில் தடுப்பு வைத்த ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர் அரை கிலோவைத் தாண்டும். 220 கிராம் டயருக்கு ‘பஞ்சரே ஆகாது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்குள்ள மழையையும் கணக்கில் எடுங்கள். ஈர ரப்பரைக் கண்ணாடி எளிதில் அறுக்கும், தண்ணீர் அதற்கு வழுக்கல் கொடுக்கிறது. சாலையின் இடது ஓரத்தில் சில்லும் கம்பியும் சேர்ந்து கிடக்கும். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கி, ரப்பரை விரலால் பிதுக்கி, சிக்கியதை ஊசியால் எடுத்துவிடுங்கள். இன்று சிக்கிய சில்லு பல நாள் கழித்துத்தான் டியூபைத் தொடும்.

எல்லாப் பஞ்சரையும் டயர்மேல் போடவும் கூடாது. டியூபில் பாம்பு கடித்தாற்போல இரட்டை ஓட்டை என்றால் காற்று குறைவு. ஓட்டை ரிம் பக்கம் என்றால், ரிம்முக்கும் டியூபுக்கும் இடையே ஒட்டும் ரிம் டேப் விலகியிருக்கிறது. இவற்றை எந்த பெல்ட்டும் தடுக்காது.

பழைய சரக்கும் விற்கிறார்கள். கார் டயரில் உள்ள வாரம்-ஆண்டு எண் சைக்கிள் டயரில் கட்டாயமில்லை. ரப்பரை வெளிப்புறமாக மடக்கினால் மயிரிழை வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், வாசகத்தை மாற்றிவிடுவார்கள். உள்ளூர்க் கடை என்றால், விவரித்தபடி பொருள் இல்லை என்பது, குறையுள்ள பொருளுக்குப் பரிகாரம் தரும் ‘லெமன்’ சட்டத்துக்குள் வரும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும், மறுப்பதானால் கடைதான் நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வெட்டிய துண்டைப் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இந்த வழிகள் கடினம். அதனால் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்துமுன் டயரைச் சமையலறைத் தராசில் வைத்துவிடுங்கள்.