மீண்டு வந்த வி-கிராஸ்: செட்டிநாட்டுப் பார்வையில்

பிஎஸ்6 புகை உமிழ்வு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020-இல் விற்பனையிலிருந்து விலகிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி), 2021-இல் திரும்பியபோது, பழைய 2.5 லிட்டர் எஞ்சின் போய் 1.9 லிட்டர் மட்டுமே மிஞ்சியதைப் பிக்கப் பிரியர்கள் பலர் ஐயத்துடனேயே பார்த்தார்கள். ஆனால் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் எஞ்சினை அளவை வைத்து எடைபோடுவது நியாயமன்று.

ஆத்தங்குடித் தரைக் கற்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண் பாதையில் செல்லும்போதுதான் இவ்வண்டியின் அருமை புரிகிறது: பின்புற லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) பாரத்தில் அமுங்க, குலுக்கல் அடங்கி, கற்கள் மூலை உடையாமல் போய்ச் சேர்கின்றன. பாரமில்லாதபோது பின்பக்கம் துள்ளுவது இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு. குடும்பத்துடன் நெடுந்தூரம் செல்ல மட்டும் வண்டி தேடுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர் என்பதால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்கச் செல்பவர்கள் சற்றுத் தள்ளி நிறுத்துவதே நல்லது.