3பி எப்பம் பொறந்துச்சு?

வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பினியனின் கடைசி வரி, ‘சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, கிரயம் பெறலாம்.’ பட்டா விற்பவர் பெயரிலேயே இருந்தது. ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, சுத்தம். புரோக்கர் அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கேட்டார். தென்காசிப் பக்கம் இப்போது எல்லாருக்கும் இந்த அவசரம்தான். வாங்குகிறவன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறான் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் தென்னந்தோப்புதான் காட்டினார்கள். நான் ஆஸ்திரேலியக் குடிமகன், கையில் ஓசிஐ அட்டை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது. அதை வைத்து வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம் கிரயம் வாங்க முடியாது. சொன்னதும் ‘அதுக்கென்ன சார், மச்சினன் பேருல போட்டுருவோம்’ என்றார் புரோக்கர். பினாமிச் சட்டத்தை அவருக்கு விளக்கத் தெம்பில்லாமல் மனை பார்க்கக் கிளம்பினோம். பார்த்த மனை பிடித்திருந்தது. சர்வே எண் 214/3பி.

கிரய ஒப்பந்தம் அடிக்கத்தான் அந்தப் பத்திர எழுத்தரிடம் போனேன். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேசை. பெரியவர் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

“தம்பி, எந்த நம்பருக்கு ஈசி போட்டீய?”

“214/3பிக்கு, அண்ணாச்சி.”

“3பி எப்பம் பொறந்துச்சு?”

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற புரோக்கருக்கு விளங்கியிருக்க வேண்டும். போன் பேசுவதுபோல் நகர்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். 2006இல் அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் தாலுகா ஆபீஸில் உட்பிரிவு செய்து 3ஏ, 3பி ஆக்கியது. அதற்கு முன்னால் அந்த நிலத்தில் நடந்ததெல்லாம் பழைய 214/3இன் கீழ் பதிவாகியிருக்கிறது. 3பி என்று தட்டினால் பாகப்பிரிவினையிலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது. வக்கீல் அந்த ஈசியைப் பார்த்துத்தான் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பாகப்பிரிவினையில் ‘பூர்வீகச் சொத்து’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்ததால் சொத்து முதலில் எப்படி வந்தது என்று சொல்லும் தாய்ப்பத்திரம் எங்கே என்றும் அவர் கேட்கவில்லை.

“அதுக்கு வடக்க இருக்க வீட்டுப் பத்திரம் நான் எழுதுனதுல்லா. தெக்கு எல்லை இவனுவ அக்கா பேருலல்லா போட்டேன்.”

அவர் அப்படி எழுதியது 2001இல். நாமெல்லாம் கண்ணால் தாண்டிப் போகிற நான்கெல்லை வரி. எந்த மனைக்குத் தெற்கு, எந்தத் தெருவுக்கு மேற்கு என்று வருமே, அது. அங்கேயே போனில் பதிவுத்துறைத் தளத்தைத் திறந்து 214/3 என்று போட்டேன். 1998இல் ஒரு தான செட்டில்மெண்ட். அப்பா மகளுக்கு, வடபுறம் 10 சென்ட். எட்டு வருஷம் கழித்துத் தம்பிமார் அந்த 10 சென்டையும் சேர்த்துத்தான் பங்கு போட்டிருக்கிறார்கள். அதையும் பதிந்து கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சிட்னியில் என் வீட்டை வாங்கும்போது உரிமைப் பதிவேட்டின் ஒரு பக்கம்தான் பார்த்தேன். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை அது. பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், பின்னால் அரசாங்கம் நிற்கும். நியூ சவுத் வேல்ஸில் 2021 அக்டோபரில் காகித உரிமைப் பத்திரத்தையே ஒழித்துவிட்டார்கள். நம் ஊரில் பதிவாவது பத்திரம் மட்டும்தான். விற்கிறவனுக்கு அந்த மண் சொந்தமா என்பது வாங்குகிறவன் பாடு. பதியாத உயிலும் கோர்ட்டில் கிடக்கும் வழக்கும் ஈசியில் வராமலே போகலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சிட்னியில் உட்கார்ந்தபடி நள்ளிரவில் ஈசியை இலவசமாகப் பார்க்க முடிகிறது, பெரும்பாலான ஆபீஸ்களுக்கு 1975 முதல். அப்பா காலத்தில் மனுப் போட்டுவிட்டு நடையாய் நடப்பார். ஆனால் அன்றைக்குத் தடித்த இண்டெக்ஸ் புத்தகத்தைப் புரட்டிய குமாஸ்தா ‘இது எதுலேருந்து பிரிஞ்சது?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவார். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க அந்தப் பெரியவர் ஒருவர்தான் இருக்கிறார். அதற்கு அவர் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. “டீ வாங்கிக் குடுங்க தம்பி” என்றார்.

அக்கா மும்பையில் இருக்கிறார். எங்கள் அத்தைக்குப் பழக்கம்; போன் போட்டார். “என் மனைய விக்க இவனுவ யாரு?” என்று ஆரம்பித்த அம்மாள் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. விற்கிறவரோ, அக்காவிடம் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கட்டும். அதுவரை அட்வான்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

நேற்று புரோக்கர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார், கீழே குறிப்பு: ‘சார், புது இடம். முழு சர்வே நம்பர். ஏ, பி எதுவும் கிடையாது.’