ராக் கிராலருக்கு ஆக்ஸிலும் லிங்க்கும்: எதை எந்த உலோகத்தில், யாரிடம் கடைவது?

போன தை மாதம் கிருஷ்ணகிரிக்கு வெளியே, மாந்தோப்பை ஒட்டிய ஒரு பாறைச் சரிவில் வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். ரிமோட்டில் ஓடும் ராக் கிராலர், நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு, எடை சுமார் 3 கிலோ. முன் வலது சக்கரம் பாறை வெடிப்புக்குள் மாட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தேன், மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி அரைச் சுற்று முறுக்கிக் கிடந்தது. வண்டியோடு வந்த ஷாஃப்ட் இல்லை அது. ஒரு பட்டறையில் கைக்குக் கிடைத்த ராடில் கடைந்து கொடுத்தது. என்ன ராடு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அந்தத் துண்டோடு ஓசூரில் எனக்குப் பழக்கமான டர்னர் அண்ணாவிடம் போனேன். அவர் பார்ப்பதற்கு முன்பே கேட்டது இதுதான்: "தம்பி, முறுக்கிக்கிச்சா, ஒடிஞ்சுதா?" முறுக்கிக்கொண்டால் சரக்கு மெத்து என்று அர்த்தம். ஒடிந்தால், ஒன்று அளவுக்கு மீறி ஹார்டன் (சூடாக்கிக் குளிர்வித்து இறுக்குவது) ஆகியிருக்கும், இல்லையென்றால் விட்டம் மாறும் படியில் மூலையைக் கூராக வெட்டியிருப்பார்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். என்னுடையது சாதாரண எம்எஸ், அதாவது மைல்ட் ஸ்டீல். அன்றையிலிருந்து ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு மூன்று சரக்கில் செய்து, ஓட்டி, எடை போட்டுப் பார்த்து வருகிறேன்.

ஆக்ஸில் ஷாஃப்ட்: எம்எஸ், இஎன்8, இஎன்24, எஸ்எஸ்

எம்எஸ் வேண்டாம். 5 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் அது தாங்கும் முறுக்குவிசை மிகக் குறைவு, பெரிய டயரும் கியர் குறைப்பும் சேர்ந்தால் தோற்றுவிடும். இஎன்8 என்ற நடுத்தரக் கார்பன் ஸ்டீல் ஒரு படி மேல், எங்கும் கிடைக்கும், சுலபமாகக் கடையும், லேசான வண்டிக்குப் போதும். எஸ்எஸ் 304, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நிறைய பேர் துருப்பிடிக்காது என்பதற்காகக் கேட்கிறார்கள். ஆனால் பலம் என்று பார்த்தால் சாதாரண 304 எம்எஸ்ஸைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, கடைவதற்கு மட்டும் மூன்று மடங்கு தொல்லை. டூல் வெட்டாமல் உரசினால் போதும், அந்த இடம் இறுகிப்போய் அடுத்த வெட்டில் டூல் முனை போய்விடும்.

இஎன்24 என்ற அலாய் ஸ்டீலை 'டி' கண்டிஷனில், அதாவது ஏற்கெனவே ஹார்டன் செய்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்த நிலையில் வாங்குங்கள். எம்எஸ்ஸோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்குக்கு மேல் தாங்கும், அந்த நிலையிலும் கார்பைடு இன்சர்ட்டில் ஒழுங்காகக் கடையலாம். மெத்தாக வாங்கிக் கடைந்துவிட்டு அப்புறம் ஹார்டனிங்குக்கு அனுப்பலாமே என்று எனக்கும் தோன்றியது. அண்ணா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்: "கோணிக்கும்." 5 மில்லிமீட்டர் மெல்லிய ஷாஃப்ட் சூட்டில் போய்த் தணிந்து வரும்போது வளையாமல் வராது, அதை நேராக்குவது தனி வேலை.

சரக்கைவிடப் பெரிய லாபம் விட்டத்தில் இருக்கிறது. முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 5-ஐ 6 ஆக்கினால் அதே சரக்கில் சுமார் 73 சதவீதம் கூடும். பேரிங் 5 மில்லிமீட்டர் துளைதானே, எப்படி 6 போடுவது? என் ஆக்ஸிலில் இருந்தது 5x10x4 பேரிங். வெளி விட்டம் அதே 10 வரும்படி 6x10x3 கிடைக்கிறது. அகலத்தில் குறையும் 1 மில்லிமீட்டருக்கு ஒரு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டால் ஹவுசிங்கைத் தொடவே வேண்டாம். உள்ளே குண்டுகள் சிறியவை என்பதால் இந்தப் பேரிங் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரிங் மாற்றுவது பத்து நிமிட வேலை, பாறை நடுவே முறுக்கிய ஷாஃப்ட்டோடு வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமையே வீண்.

டிராயிங்கில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பேரிங் உட்காரும் விட்டத்துக்கு 0 முதல் மைனஸ் 8 மைக்ரான். படி மாறும் ஒவ்வொரு மூலையிலும் 0.5 ரேடியஸ், ஆனால் பேரிங் அந்த ரேடியஸில் ஏறி உட்காராமல் இருக்க நடுவில் ஷிம் வர வேண்டும். அப்புறம், இரண்டு பேரிங் இடத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். லேத்தில் ராடைப் பிடிக்கும் சக்கிலிருந்து கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் விலகும், பழைய மூன்று தாடை சக்கில் இன்னும் மோசம். மறுமுனையைத் தாங்க டெயில் ஸ்டாக் சென்டர் கொடுக்காவிட்டால் ராடு டூலை விட்டுத் தள்ளிப் போய் அந்த முனையில் தடித்துவிடும்.

லிங்க்: இங்கேதான் எல்லோரும் அலுமினியத்துக்கு ஓடுகிறார்கள்

ஆக்ஸிலையும் சேஸியையும் இணைக்கும் லிங்க் கம்பியை எடுத்துக்கொள்வோம். 6 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் நீளம், ஒரு கம்பி. அலுமினியத்தில் சுமார் 7.6 கிராம், டைட்டானியத்தில் 12.5, ஸ்டீலில் 22, பித்தளையில் 24, டெல்ரின் பிளாஸ்டிக்கில் வெறும் 4. கீழ் லிங்க் நான்கையும் அலுமினியத்திலிருந்து ஸ்டீலுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 58 கிராம் கூடுகிறது. ரேஸ் கார்காரர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். நமக்கோ அந்த 58 கிராமும் வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் சேர்வது வரம், சரிவில் வண்டி கவிழாமல் பிடிப்பதே அந்தக் கனம்தான். வண்டி நடக்கும் வேகத்துக்கும் குறைவாகப் போவதால் ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடுவதில் நஷ்டமில்லை.

பலத்தைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கையும் இருக்கிறது: ஸ்டீல் என்றாலே அலுமினியத்தைவிட வளையாது என்று. 6061-டி6 என்ற பலமூட்டிய அலுமினியக் கலவை நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு சுமார் 275 மெகாபாஸ்கல், சாதாரண எம்எஸ் சுமார் 250. கிட்டத்தட்ட ஒன்றுதான்! வித்தியாசம் விறைப்பில் இருக்கிறது, அதே சுமைக்கு ஸ்டீல் மூன்றில் ஒரு பங்குதான் தொய்யும். அதைவிடப் பலமான 7075-டி6 அலுமினியக் கலவை எடுத்தால் 500 மெகாபாஸ்கல் வரை நிற்கும், விலையும் அதற்கேற்ப. அதனால் மேல் லிங்க்குக்கு நான் 7075 போடுகிறேன். மேலே லேசாக இருக்க வேண்டும், பாறையில் உரசாது, நேர்க் கம்பியாக இருந்தால் போதும்.

கீழ் லிங்க் வேறு கதை. நம்ம ஊர்க் கருங்கல்லின் மேல்தோல் உப்புத்தாள் மாதிரி. அலுமினிய லிங்க் அதில் வயிற்றைத் தேய்த்து இறங்கும்போது கல் உலோகத்தைச் சீவிவிடும், சீவிய பள்ளம் அடுத்த முறை கல்லைப் பிடித்துக்கொள்ளும், வண்டி அங்கேயே தொங்கும். ஒரு மாதம் ஓடிய என் 6061 லிங்க்கில் விரலை ஓட்டினால் ரம்பம் போல நெருடியது. டெல்ரின் வழுக்கிக்கொண்டு போகும், வளைந்தாலும் திரும்பி வரும், ஆனால் 6 மில்லிமீட்டரில் அது ரப்பர் போல ஆடுகிறது, ஸ்டியரிங்கில் தெரிகிறது. கடைசியில் நான் வந்து நின்றது இரண்டும் சேர்ந்த ஒன்றில்: உள்ளே 6 மில்லிமீட்டர் இஎன்8 பிரைட் ராடு, மேலே 10 மில்லிமீட்டர் டெல்ரின் குழாய் போலத் துளைத்துச் செருகியது. விறைப்பு ஸ்டீலுடையது, வழுக்கல் டெல்ரினுடையது. குழாய் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே இதற்குத்தான் முதல் ஓட்டு.

வளைந்த லிங்க் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 6061-டி6-ஐக் குளிர்ந்தபடியே சுருக்க வளைத்தால் வெளிப்பக்கம் வெடிக்கும், 7075-ஐ வளைக்க முயலவே வேண்டாம். பார் சோப்பைத் தேய்த்து, அது கருக்கும் வரை சூடாக்கி வளைக்கும் முறை வேலை செய்கிறது, ஆனால் அதோடு டி6 கொடுத்த பலமும் போய்விடும். வளைவு வேண்டுமென்றால் ஸ்டீல் ராடை வைஸில் பிடித்து வளைத்துவிடலாம்.

நுனிகளில் மரை போடுவதற்கும் சரக்கு முக்கியம். என் வண்டியில் ராடு எண்ட் (லிங்க் நுனியில் மாட்டும் மூட்டு) எம்4, அதாவது 4 மில்லிமீட்டர் மரை, அதற்கு 3.3 மில்லிமீட்டர் ட்ரில், 0.7 பிட்ச். 304-ல் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரை வெட்டும் டேப் போடும்போது உள்ளேயே டேப் ஒடிந்தது, எடுக்க வழியில்லாமல் கம்பியே போயிற்று. இஎன்8-ல் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எண்ணெயோடு போட்டால் இதுவரை ஒன்றும் ஒடியவில்லை. அலுமினியத்துக்குச் சில சொட்டு மண்ணெண்ணெய் போதும், இல்லையென்றால் சீவல் டூல் முனையிலேயே ஒட்டிக்கொண்டு முகம் சொரசொரப்பாகிவிடும்.

நக்கிளும் ஹெக்ஸும்: பித்தளையின் இடம்

முன் சக்கரத்தைத் திருப்பும் நக்கிளை மட்டும் பித்தளையில் செய்யுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அலுமினியத்தில் 27 கிராம் வந்த ஜோடி, அதே அளவில் பித்தளையில் 85 கிராம் வந்தது. அந்தக் கனம் ஆக்ஸிலின் இரு ஓரத்திலும், சக்கர மையத்துக்கே நேராக உட்காருகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிப் பின்னால் சாய்வது அன்றோடு நின்றது. பின் ஆக்ஸிலுக்கு அது தேவையில்லை, அங்கே அலுமினியம் போதும். நான்கு பக்கமும் பித்தளை போட்டால் பின்பக்கக் கனம் வண்டியை ஏற்றத்தில் கீழே இழுக்கும், மோட்டாருக்கும் சுமை.

பித்தளை கடைவதற்கு இனிமையான சரக்கு, சீவல் பொடிப்பொடியாகத் தெறிக்கும், எண்ணெய்கூட வேண்டாம். ஆனால் ட்ரில் போடும்போது கவனம். புதிதாகத் தீட்டிய கூரான ட்ரில் பித்தளையைத் திருகு போலப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும், வேலைத்துண்டு கையோடு சுற்றும். வெட்டும் விளிம்பை ஆயில் ஸ்டோனில் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் இழுக்காது. அண்ணா இதற்கென்றே இரண்டு ட்ரில்லைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறார்.

சக்கரம் மாட்டும் 12 மில்லிமீட்டர் ஹெக்ஸுக்கு மில்லிங் தேடி அலைய வேண்டாம். 12 மில்லிமீட்டர் அறுகோணப் பாராகவே கடையில் கிடைக்கிறது, வெட்டி, முகம் சீவி, நடுவில் துளைத்தால் முடிந்தது. 2 மில்லிமீட்டர் பின் உட்காரும் பள்ளத்தை மட்டும் அறுத்து ராவிக்கொள்ளலாம்.

சக்கரத்துக்கு அருகே கியர் வைத்து ஆக்ஸிலை உயர்த்தும் போர்ட்டல் ஆக்ஸிலின் கியர்களை உள்ளூரில் செய்ய முயலாதீர்கள். அந்தச் சின்னப் பல்லுக்கு ஹாபிங் (பல் வெட்டுவது), ஹார்டனிங் எல்லாம் பார்த்துச் செய்தால், விற்கும் விலைக்கு வரவே வராது.

யாரிடம் செய்வது

இருசக்கர வண்டிக்கும் லாரிக்கும் பாகம் செய்து கொடுத்தே வளர்ந்த ஊர் ஓசூர். டிவிஎஸ், அசோக் லேலண்ட் போன்ற ஆலைகள் இருப்பதால் சிட்கோ, சிப்காட் தொழிற்பேட்டைகள் பக்கம் தெருவுக்குத் தெரு சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் மெஷின். அதனால் எல்லோரும் முதலில் சிஎன்சிக்குத்தான் போகிறார்கள். அளவு துல்லியமாக வரும், பத்தாவது துண்டும் முதல் துண்டும் ஒன்றாக இருக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் கணக்கு செட்டிங் நேரத்தில் ஓடுகிறது. புரோகிராம் போட்டு, தாடை மாற்றி, டூல் தொட்டு முடிக்க ஆகும் கூலி, ஒரு துண்டுக்கும் ஐம்பது துண்டுக்கும் ஒன்றேதான். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே நக்கிளை எடுப்பதாக இருந்தால் சிஎன்சி. இரண்டு ஷாஃப்ட், நான்கு லிங்க் என்றால் கை லேத் டர்னர், அதிலும் சின்ன ராடைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் காலட் வைத்திருப்பவர்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருக்கும் லேத்துகள் பெரும்பாலும் டிராக்டர், மோட்டார் பம்பு வேலைக்கானவை. ஆள் திறமையானவராக இருப்பார், மெஷின்தான் பெரிது, 5 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் மைக்ரான் கேட்டால் அந்த மெஷினில் தருவது கஷ்டம். லிங்க், ஹெக்ஸ், ஸ்பேசருக்கு அவர்களே போதும். ஷாஃப்ட்டுக்கு மட்டும் நான் 50 கிலோமீட்டர் போய் ஓசூரில் செய்கிறேன்.

வீட்டிலேயே மினி லேத் வாங்கலாமா? அலுமினியம், பித்தளை, டெல்ரின் மூன்றுக்கும் அருமை, நினைத்த நேரத்தில் உட்காரலாம். இஎன்24 டி வைத்தால் அதன் படுக்கையே அதிர்கிறது. த்ரீ டி பிரிண்டை ஓட்டத்துக்கு நம்ப மாட்டேன். அதில் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகும், சித்திரை வெயிலில் பாறையில் வைத்த வண்டிக்கு அது ஆகாது. ஆனால் உலோகத்தை வெட்டும் முன் அளவு சரிபார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. நக்கிள் எதுவானாலும் முதலில் பிரிண்ட் போட்டு மாட்டி, ஸ்டியரிங் இரு பக்கமும் முட்டாமல் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே பித்தளையை வெட்டக் கொடுக்கிறேன்.

முன்பக்கம் மூன்று லிங்க்கா நான்கா என்பது ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டார் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. சர்வோ ஆக்ஸில் மேலேயே இருந்தால் நான்கு லிங்க் நேர்த்தி. சேஸியில் இருந்தால் மூன்று லிங்க்கும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் கம்பியும் போட்டு, அந்தக் கம்பியும் ஸ்டியரிங் கம்பியும் ஒரே நீளம், ஒரே சாய்வு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். லிங்க் மாட்டும் பிளேட்டில் ஒன்றுக்கு மூன்று ஓட்டை போட்டு வையுங்கள், மேல் லிங்க்கை ஒரு ஓட்டை மாற்றினாலே ஏற்றத்தில் பின்பக்கம் அமுங்குவது மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

டர்னரிடம் போகும்போது டிராயிங்கோடு பழைய பாகத்தையும், மாட்டப்போகும் பேரிங்கையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். அண்ணா மைக்ரோமீட்டரில் அளந்து முடித்ததும் ஷாஃப்ட்டைச் சக்கிலிருந்து கழற்றாமலே பேரிங்கை நுனியில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பார். தட்டாமல், ஆடாமல், விரல் அழுத்தத்துக்கு மட்டும் நகர்ந்து உட்கார்ந்தால்தான் அடுத்த துண்டைக் கையில் எடுப்பார்.