ஆறு மாதம் வேர்ல்ட்கேட்டில் தேடியதில்

1918 இன்ஃப்ளூயன்ஸா காலத்து நர்ஸுகள் என்ன எழுதி வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. இருபது வருஷம் வார்டில் நின்றவள் நான். அவர்கள் எழுத்தை அவர்கள் வாயால் கேட்கவேண்டும் என்று ஆசை. இதற்காகத் தினமும் திறப்பது வேர்ல்ட்கேட். பல நாட்டு நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாகத் தருகிறது, 1971 முதல் இயங்குகிறது. தேடக் காசு கிடையாது.

முதல் வாரம் சாதாரணத் தேடலில், அந்த நோய்க்கு இப்போது பலரும் சொல்லும் பெயரான ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ என்று போட்டேன். வந்ததில் பெரும்பாலானவை பிற்காலத்துப் புத்தகங்கள். அட்வான்ஸ்டு சர்ச்சுக்குப் போய், ‘இன்ஃப்ளூயன்ஸா’ என்று மாற்றி, 1918 முதல் 1920 வரை என்று ஆண்டைக் கட்டியதும்தான் அன்றைய சுகாதார அறிக்கைகளும் சின்னச் சின்ன வெளியீடுகளும் தலைகாட்டின.

ஆனால் உண்மையான சாவி பொருள் தலைப்பு, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும் தலைப்புதான். நல்ல பதிவு (ஒரு புத்தகத்துக்கான பட்டியல் விவரம்) ஒன்று கிடைத்தால் அதைத் திறந்து கீழே பாருங்கள். ‘இன்ஃப்ளூயன்ஸா எபிடெமிக், 1918-1919’ என்று பட்டியல் தயாரித்தவர் ஒரு தலைப்பு கொடுத்திருப்பார். புத்தகத்தின் பெயரில் நோயே வராவிட்டாலும் இந்தத் தலைப்பு அதைப் பிடித்துவிடும். ‘வேர்ல்டு வார், 1914-1918’ என்பதோடு ‘பெர்சனல் நரேட்டிவ்ஸ்’ என்ற உட்தலைப்பையும் சேர்த்தபோது, போர்முனை நர்ஸுகளின் நினைவுக் குறிப்புகள் வரிசையாக வந்தன. அன்று இரவு நான் தூங்கவே இல்லை. ‘நர்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு நட்சத்திரக் குறி போட்டு அடித்தால் ‘நர்ஸிங்’ என்பதும் சேர்ந்து சிக்கும்.

தமிழ் நூல் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பல பதிவுகளில் தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கும், அதுவும் நாம் எழுதுகிற மாதிரி இல்லை. ‘ச’வுக்கு எஸ் கிடையாது, ஸி. ‘ழ’வுக்கு அடிக்கோடிட்ட எல். சிலப்பதிகாரத்தை எஸ்ஸில் தேடினால் பாதி கைவிட்டுப் போகும்.

இப்படிப் பட்டியல்களில் தேடுவதில் குறை இல்லாமல் இல்லை. வேறொரு பெரிய நூலகத்தின் பட்டியலில் நாற்பது பதிவுகளைக் குறித்து வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பக்கம் தானாக மூடி எல்லாம் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொன்றையும் உடனே நோட்டில் எழுதிவிடுகிறேன். இன்னொன்று, பத்திரிகைக்குள் வந்த தனிக் கட்டுரைகளுக்கு நூலகப் பட்டியலை மட்டும் நம்ப முடியாது.

ஆண்டுக் கட்டும் சில சமயம் காலை வாரும். ஒரு பதிவில் [1919?] என்று சதுர அடைப்பில் இருந்தது. ஆண்டு புத்தகத்தில் அச்சாகவில்லை, பதிவு செய்தவர் ஊகித்துப் போட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் ஆண்டே போடாத பதிவுகளும் இருக்குமே என்று தோன்றி, ஆண்டு வரம்பை எடுத்துவிட்டு மறுபடி தேடினேன். மூன்றாம் பக்கத்தில் வந்தது: வார்டுக் குறிப்பேடு, கையெழுத்துப் பிரதி, ஒரே ஒரு நூலகத்தில். நேற்று அவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.